மூன்றாவது கோட்டிங்

எட்டு மணிச் செய்தியை
லியோனில்டே சர்மென்டோ வீட்டிலிருந்தே வாசிக்கிறாள்.
போர்ட்டோ முழுக்க அவள் புத்தக அலமாரியைப் பார்க்கிறது.
என் மனைவி ஒடெட் திரைக்கு ஓரடி முன்னால் நின்று
கழுத்தைச் சாய்த்து முதுகெழுத்துகளைப் படிக்கிறாள்:
"பாதி அகராதி. மீதி பிரிக்கவே இல்லை."
எதிர்வீட்டு அடெரிட்டு பால்கனியிலிருந்து கத்துகிறான்,
அந்த விளக்கு ஒன்றும் வெனிஸ் கண்ணாடி இல்லையாம்,
அவன் மச்சினி அதையே சந்தையில்
பன்னிரண்டு யூரோவுக்கு வாங்கினாளாம்.

நான் அலமாரியைப் பார்ப்பதில்லை.
அவளுடைய இடது காதுக்கு மேலே
சுவர் கூரையைத் தொடும் இடத்தைப் பார்க்கிறேன்.

அது நான் அடித்த சுவர்.

போன வருஷத்துக்கு முந்தின செப்டம்பர்.
நிறம் அவளே தேர்ந்தெடுத்தது,
அட்டையில் அதன் பெயர் 'நனைந்த மணல்'.
கடலைப் பார்த்த சுவர், பழைய சுண்ணாம்பு.
சுரண்டி, ஒரு வாரம் காயவிட்டு,
பிரைமர் போட்டு,
மூன்று கோட்டிங் அடிக்க வேண்டும்.
இரண்டு அடித்தேன்.
பெரிய காரணம் எதுவும் இல்லை.
வெள்ளிக்கிழமை. முழங்கால் வலி.
இரண்டிலேயே சுவர் அழகாகத்தான் இருந்தது.
பில்லில் மூன்று என்று எழுதினேன்.

முதல் வாரம் அது நகக்கண் அளவு.
வேலையிழந்தவர்கள் எத்தனை பேர் என்று அவள் சொன்ன அன்று
இரண்டு யூரோ நாணயம்.
எல்லைகளை மூடிய அன்று
குழந்தையின் செருப்புத் தடம்.
விளிம்பில் மஞ்சள் ஏறினால்
உள்ளே தண்ணீர் குடிவந்துவிட்டதென்று அர்த்தம்.
இந்த நாட்டில் அந்த மஞ்சளைப் படிக்கத் தெரிந்தவன்
சோபாவில் ரொட்டியைக் கையில் பிடித்தபடி
கடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள்
அவள் தலைக்கு மேலே மாடியில் யாரோ இருமினார்கள்.
மூன்று முறை. நீளமாக.
ஒரு எண்ணின் நடுவில் நின்றாள்,
பிறகு அந்த எண்ணை முதலிலிருந்து வாசித்தாள்.

அன்றோடு ஒடெட் புத்தகங்களை விட்டுவிட்டாள்.
இப்போது ஒலியைக் கூட்டி வைத்து
செய்திக்குப் பின்னால் கேட்கிறாள்.

திங்கட்கிழமை கறையைக் காணோம்.
அந்த இடத்தில் ஒரு படம்,
பீப்பாய் ஏற்றிய ஆற்றுப் படகு.
இரண்டு விரல் சாய்ந்திருந்தது.
அந்த உயரத்தில் யாரும் படம் மாட்ட மாட்டார்கள்.
புது ரசனை என்றான் அடெரிட்டு.
ஆணியைச் சுற்றி காரை உதிர்ந்திருந்தது.
தனியாக நாற்காலி மேல் ஏறி
கைக்குக் கிடைத்ததால் அடித்திருக்கிறாள்.

பில் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
அவள் எண்ணை அழுத்தினேன்.
என்ன சொல்வேன் என்று யோசிக்கவில்லை,
மணி எட்டு பத்து என்பதையும் யோசிக்கவில்லை.
திரையில்
அவள் முழங்கையருகே ஒரு வெளிச்சம் துடித்தது.
கண்ணை எங்கள் மேலிருந்து எடுக்காமலே
போனைக் கவிழ்த்து வைத்தாள்.
வானிலைக்குப் போனாள்.
வடக்கில் மழை.

நாடே பார்த்தது என் அழைப்பை.
பக்கத்தில் இருந்த ஒடெட்டுக்குக்கூடத் தெரியாது.

அவள் திருப்பி அழைக்கவில்லை.
நானும்.

ஜூனில் ஸ்டூடியோவுக்குத் திரும்பிவிட்டாள்.
பின்னால் பெரிய நீலக் கண்ணாடி,
ஈரம் ஏறாத நீலம்.
தலைமுடி திருத்தியிருக்கிறாள்.
மாடி என்று ஒன்று இல்லாத இடத்தில்
யாரும் இருமுவதில்லை.
ஒலியைக் குறைத்துவிட்டு
ஒடெட் தட்டுகளைக் கழுவப் போகிறாள்.

வேனின் பின்புறம்
மூடி துருப்பிடித்த ஒரு டின் இருக்கிறது.
கட்டி தட்டாமலிருக்க
வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துக் குலுக்குகிறேன்.
சத்தத்தை வைத்தே சொல்வேன்,
சரியாக ஒரு கோட்டிங்குக்கு வரும்.